கொம்பு, சிறகு, உறவு

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் மே மாதம் பிறந்ததும், பட்டாணிக் குடும்பத்துக் காட்டுக்கொடிகள் பூத்துக் கிடக்கும் சரிவுகளில் ஒரு தேனீ விறுவிறுவென்று சுற்றத் தொடங்கும். பழுப்பு முடி போர்த்த உடல். மஞ்சள் முகம். தலையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ உடலின் நீளத்துக்கே நீண்டு வளைந்த இரண்டு கரிய உணர்கொம்புகள். யூசெரா லாங்கிகார்னிஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

இந்தத் தேனீயும் இதன் உறவினரும் சேர்ந்ததுதான் நீள்கொம்புத் தேனீக் குலம். அறிவியலாளர் அதை யூசெரினி என்று அழைப்பார்கள். குடும்பத்துக்குக் கீழே, பேரினத்துக்கு மேலே நிற்கும் படிநிலையைத்தான் இங்கே குலம் என்கிறோம். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீச் சிற்றினங்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் 750க்கும் மேற்பட்டவை இந்தக் குலத்தைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலியாவையும் அண்டார்க்டிகாவையும் தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை பறக்கின்றன.

நம் ஊரில் மரக்கொம்பில் ஒற்றை அடை வைக்கும் கொம்புத்தேனீ இந்தக் குலத்தைச் சேர்ந்தது இல்லை. அது கூட்டமாக வாழும் ஏபிஸ் பேரினத்தது. நீள்கொம்புத் தேனீக்களோ தனித்தேனீக்கள். இவற்றுக்கு ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீயும் இல்லை, சேர்த்து வைத்த தேனும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தானே மண்ணைத் தோண்டி, தானே அறை அமைத்து, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, அறையை மூடிவிட்டுப் போகும். சில இனங்களில் பல பெண்கள் ஒரே வாயில் வழியாக வளைக்குள் போய்வருவதுண்டு. அப்போதும் அறைகள் அவரவர்க்கு உரியவை. புழு அந்த உணவைத் தின்று வளர்ந்து, அடுத்த பருவத்தில் தேனீயாக மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும். தாயும் பிள்ளையும் முகம் பார்த்துக்கொள்வதே இல்லை.

இந்தக் குலத்துக்குள் யாருக்கு யார் நெருங்கிய உறவு? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை 250 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. விடை பலமுறை மாறியிருக்கிறது. அண்மையில் 2018இலும் 2023இலும் மாறியது. அந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்து போனால், உயிரினங்களை வகைப்படுத்துவது எத்தகைய வேலை என்பது நன்றாகப் பிடிபடும்.

கொம்பு யாருக்கு?

முதலில் கொம்பைப் பார்ப்போம். தேனீக்களில் பொதுவாக ஆணின் உணர்கொம்பில் 13 கணுக்களும் பெண்ணின் உணர்கொம்பில் 12 கணுக்களும் இருக்கும். நீள்கொம்புத் தேனீயின் ஆணுக்கும் அதே 13தான். கணுக்கள் கூடவில்லை, ஒவ்வொரு கணுவும் நீண்டுவிட்டது. அந்த நீளம் முழுக்க மணத்தை உணரும் நுண்தகடுகள் பதிந்திருக்கின்றன. பரப்பு கூடினால் தகடுகளின் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் காற்றில் மிதந்துவரும் மிக மெல்லிய மணமும் சிக்கும். ஆண் தேடுவது பெண்ணின் உடல் மணத்தை. எவன் முதலில் மோப்பம் பிடிக்கிறானோ அவனுக்கே வாரிசு. கொம்பை நீள வைத்தது இந்தப் போட்டிதான்.

இந்தக் கூர்மையை ஒரு தாவரம் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் ஓஃப்ரிஸ் என்னும் ஆர்க்கிட் வகையின் பூவிதழ் முடி போர்த்த பெண் தேனீயின் உடலைப் போலத் தோன்றும். அதைவிட முக்கியம், பூ வெளிவிடும் மணம். பெண் தேனீயின் மணத்தில் உள்ள வேதிப்பொருட்களையே பூவும் உண்டாக்குகிறது. ஆண் வந்து பூவைத் தழுவும். அப்போது மகரந்தப் பொதி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் அதே ஏமாற்றம். அங்கே மகரந்தம் சேர்ந்துவிடும். ஓஃப்ரிஸ் டென்த்ரெடினிஃபெரா என்னும் ஆர்க்கிட்டுக்கு யூசெரா நைக்ரிலாப்ரிஸ் தேனீயின் ஆண்கள் இந்த ஊழியத்தைச் செய்கின்றன.

இவ்வளவு சிறப்பான உறுப்பு வகைப்பாட்டுக்கு உதவ வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் மூன்று சிக்கல்கள் உள்ளன. பெண்ணுக்கு நீள்கொம்பு கிடையாது. பிடிபட்ட பெண் தேனீ எந்த ஆணுக்கு இணை என்பதை, இணை சேரும்போது பிடித்தால்தான், அல்லது ஒரே கூட்டிலிருந்து இரண்டும் வெளிவந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதனால் ஒரே சிற்றினத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு பெயர்கள் வைக்கப்படும் ஆபத்து எப்போதும் இருந்தது.

இரண்டாவது, கொம்பு நீண்ட ஆண்கள் வேறு குடும்பங்களிலும் உண்டு. வியர்வைத் தேனீக்கள் எனப்படும் ஹாலிக்டிடே குடும்பத்தில் பல ஆண்களுக்கு உணர்கொம்பு நீளம்தான். மூன்றாவது, நீள்கொம்புக் குலத்திலேயே பிறந்த சில ஆண்களுக்குக் கொம்பு குட்டை. பரங்கிப் பூவையே நம்பி வாழும் அமெரிக்கத் தேனீக்கள் அப்படிப்பட்டவை. அவற்றின் ஆண்கள் பரங்கிப் பூக்களைச் சுற்றியே பறந்து, அங்கு வரும் பெண்களைத் தேடும். இருக்குமிடம் தெரிந்த ஒன்றைத் தேடத் தொலைதூர மோப்பம் அவ்வளவாகத் தேவையில்லை என்பது பொருத்தமாகவே படுகிறது.

ஆக, கண்ணுக்கு முதலில் படும் அடையாளம் குலத்தின் எல்லையைச் சரியாக வரையவில்லை. முகத்தில் கண்ணோரமாக ஓடும் மெல்லிய வரம்பு, முன்னோக்கிப் புடைத்த முகத்தகடு, நீண்ட நாக்கு என்று உருப்பெருக்கியின் கீழ் மட்டுமே தெளியும் அடையாளங்கள்தான் குலத்தை ஒன்றுசேர்த்துக் காட்டுகின்றன.

ஒரே பெட்டியிலிருந்து பல பெட்டிகள்

1758இல் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் தம்முடைய ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குகளின் அறிவியல் பெயர்கள் அந்த நூலிலிருந்தே கணக்கில் கொள்ளப்படுகின்றன. அதில் எல்லாத் தேனீக்களும் ஏபிஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் இருந்தன. தேன் தரும் தேனீயும் ஏபிஸ். மண்ணுக்குள் வாழும் தனித்தேனீயும் ஏபிஸ். நம் நீள்கொம்புத் தேனீக்கு அவர் வைத்த பெயர் ஏபிஸ் லாங்கிகார்னிஸ்.

1770இல் ஸ்கோப்போலி என்னும் இயற்கை ஆய்வாளர் யூசெரா என்ற புதிய பேரினத்தை உருவாக்கினார். லின்னேயஸ் பெயரிட்ட தேனீ இன்று இந்தப் பேரினத்தின் மாதிரிச் சிற்றினமாக நிற்கிறது. இன்றும் அதன் முழுப்பெயரை எழுதும்போது, யூசெரா லாங்கிகார்னிஸ் (லின்னேயஸ், 1758) என்று எழுதுவார்கள். அந்த அடைப்புக்குறிக்கு ஒரு பொருள் உண்டு: பெயரிட்டவர் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் வந்தவர்கள் இடம் மாற்றினார்கள். வகைப்பாட்டில் பழைய கருத்தை யாரும் துடைத்தெறிவதில்லை. அது நடந்த தடம் பெயரிலேயே இருக்கும்.

1802ஆம் ஆண்டில் இரண்டு பெரிய அடிகள் வைக்கப்பட்டன. இங்கிலாந்தின் பாதிரியார் வில்லியம் கிர்பி தம் நாட்டுத் தேனீக்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். நாக்கின் அமைப்பைப் பார்த்து, குறுநாக்குத் தேனீக்கள் ஒரு பேரினம், நீள்நாக்குத் தேனீக்கள் மற்றொரு பேரினம் என்று பிரித்தார். அதே ஆண்டில் பிரான்ஸின் பியர் ஆந்த்ரே லத்ரேய் செய்த வகைப்பாட்டிலிருந்துதான் யூசெரினி என்ற குலப்பெயரும், ஏபிடே என்ற குடும்பப்பெயரும் வந்தன.

லத்ரேயின் வாழ்க்கையில் ஒரு பூச்சிக்குத் தனி இடம் உண்டு. அவர் குருப்பட்டம் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த குருமார்களோடு அவரும் போர்டோ நகரில் சிறைப்பட்டார். சிறையைப் பார்வையிட வந்த மருத்துவர், அவர் தரையில் ஒரு வண்டைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அரிய வண்டு என்றார் லத்ரேய். அது நெக்ரோபியா ருஃபிகாலிஸ். மருத்துவர் அதை போரி த சேன்ட் வின்சென்ட் என்னும் இளம் இயற்கை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். லத்ரேயின் எழுத்தை அறிந்திருந்த அந்த இளைஞர் முயன்று அவரை விடுவித்தார். உடன் இருந்த கைதிகளில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு வண்டின் பெயர் தெரிந்ததால் உயிர் பிழைத்தவர், பின்னர் பூச்சிகளின் உறவுமுறையை ஒழுங்குபடுத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவர் 1829இல் அமைத்த மெலிசோடெஸ் பேரினம், அமெரிக்கக் கண்டங்களின் நீள்கொம்புத் தேனீக்களில் மிகப் பெரிய பேரினங்களில் ஒன்று.

சிறகில் இரண்டு அறையா, மூன்றா?

19ஆம் நூற்றாண்டில் பெட்டிகள் பெருகின. அடுத்த கேள்வி, எந்த உறுப்பைப் பார்த்துப் பிரிப்பது? பலருடைய கண் சிறகின்மேல் விழுந்தது. தேனீயின் முன்சிறகில் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சிறுசிறு அறைகளை உண்டாக்கும். விளிம்புக்கு அடுத்தாற்போல் வரிசையாக நிற்கும் அறைகள் சில தேனீக்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று. காய்ந்துபோன மாதிரியிலும் சிறகு கெடாது. எண்ணுவதும் எளிது.

அதனால் ஒரு விதி உண்டாயிற்று. இரண்டு அறை இருந்தால் யூசெரா. மூன்று அறை இருந்தால், ஸ்பினோலா 1838இல் அமைத்த டெட்ராலோனியா. ஐரோப்பியப் பூச்சியியலாளர்கள் நெடுங்காலம் இப்படித்தான் பிரித்தார்கள். 1879இல் அமெரிக்காவில் சின்ஹலோனியா என்ற பெயர் உருவானது. மூன்று அறை கொண்ட, வசந்தத்தில் பறக்கும் தேனீக்கள் அதற்குள் வந்தன. இதே வகைத் தேனீக்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தன. அங்கே அவை மூன்று அறையைக் காட்டி டெட்ராலோனியாவுக்குள் ஒளிந்திருந்தன.

ஆணின் வயிற்றுப்புறத் தகடுகளையும் பிறப்புறுப்பையும் கூர்ந்து ஒப்பிட்டவர்களுக்கு வேறொரு படம் தெரிந்தது. சின்ஹலோனியா உண்மையில் டெட்ராலோனியாவைவிட யூசெராவுக்கே நெருக்கம். பறக்கும் காலமும் அதையே சொன்னது: யூசெராவும் சின்ஹலோனியாவும் வசந்தத் தேனீக்கள், டெட்ராலோனியா கோடைத் தேனீ.

அப்படியென்றால் சிறகு ஏன் தவறாகச் சொன்னது? ஒரு வீட்டில் அண்ணன் குடுமியை எடுத்துவிட்டான், தம்பி வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் குடுமி வைத்த மற்றவர்கள் எல்லாரும் தம்பிக்குப் பங்காளிகள், அண்ணன் மட்டும் அந்நியன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? குடுமி எல்லார் முன்னோரிடமும் இருந்தது. அதை இன்னும் வைத்திருப்பது நெருக்கத்துக்குச் சான்று ஆகாது. மூன்று அறையும் அப்படித்தான். அது முன்னோரிடமிருந்து வந்த பழைய நிலை. ஒரு கிளையில் ஒரு குறுக்கு நரம்பு மறைந்தது. மூன்று அறை இரண்டானது. மறையாமல் நின்றவற்றை ஒரு கூட்டமாக்கியது நம்முடைய வசதி.

பழைய பண்பைப் பகிர்வது வேறு, புதிதாகத் தோன்றிய பண்பைப் பகிர்வது வேறு. உறவுக்குச் சான்று இரண்டாவதுதான். இந்த வேறுபாட்டைக் கோட்பாடாக வகுத்தவர் ஜெர்மனியின் வில்லி ஹென்னிக். ஈக்களின் ஆய்வாளர். 1950இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூல், 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகு உலகெங்கும் வகைப்பாட்டின் போக்கையே மாற்றியது. ஒரு முன்னோரும் அந்த முன்னோரின் எல்லா வாரிசுகளும் சேர்ந்ததே உண்மையான கூட்டம் என்பது இன்றைய வகைப்பாட்டின் அடிப்படை. சிலரை விட்டுவிட்டு மீதியைக் கூட்டமாக்கினால் அது செல்லாது.

உணவு செதுக்கிய கால்கள்

சிறகைவிட நுட்பமாக ஏமாற்றக்கூடியவை பெண்ணின் பின்னங்கால்கள். மகரந்தத்தைச் சுமக்க அங்கே அடர்ந்த முடித்தூரிகை உண்டு. பொதுவாக அந்த முடிகள் கிளைவிட்டவை. நுண்ணிய மகரந்தத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொள்ளும். பரங்கி, செம்பருத்தி போன்ற பூக்களின் மகரந்தமோ பெரிய பெரிய மணிகள். அவற்றையே நம்பி வாழும் தேனீக்களின் கால்முடிகள் அடர்த்தி குறைந்து, கிளையற்று நேராக நிற்கின்றன. பரங்கித் தேனீயிலும் அப்படி. நீள்கொம்புக் குலத்துக்கு அண்டைக் குலமான எம்ஃபோரினியில், செம்பருத்தி வகைப் பூக்களை நாடும் தேனீக்களிலும் அப்படியே. இந்த ஒற்றுமையை உணவுதான் செதுக்கியது. இதை உறவு என்று படித்தால் தவறிவிடுவோம்.

எனவே வகைப்படுத்துபவர் உணவோடும் இணைதேடலோடும் தொடர்பில்லாத சிறு அடையாளங்களைத் தேடிப் போகிறார். மெலிசோடெஸ் பேரினத்தைக் கண்டுபிடிக்க உதவுவது சிறகின் அடிமூட்டை மூடியிருக்கும் சின்னஞ்சிறு செதில். மற்ற நீள்கொம்புத் தேனீக்களில் அது உருண்டு இருக்கும். மெலிசோடெஸில் முன்பகுதி ஒடுங்கியிருக்கும். தோள்முடியை ஊசியால் விலக்கினால்தான் இது தெரியும். வட, மத்திய அமெரிக்காவின் மெலிசோடெஸ் தேனீக்கள் முழுவதையும் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, 1956 முதல் 1961 வரை மூன்று பகுதிகளாக வாலஸ் லபெர்ஜ் வெளியிட்ட ஆய்வுதான் பின்வந்தவர்களுக்கு அடித்தளம்.

உலகத் தேனீக்கள் அனைத்தையும் ஒரே பார்வையில் கொண்டுவந்தவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் மிச்னர். 1944இல் தேனீக்களின் உடலமைப்பை ஒப்பிட்டு வகைப்பாட்டை வகுத்தவர், 2000இல் ‘உலகத் தேனீக்கள்’ என்னும் பெருநூலைத் தந்தார். 2007இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. 2015இல், 97ஆம் வயதில் அவர் மறைந்தபோதும் தேனீ ஆய்வாளர்களின் மேசையில் முதலில் இருந்த நூல் அதுதான்.

நீள்கொம்புத் தேனீக்கள் முன்பு ஆந்தோஃபோரிடே என்னும் குடும்பத்தில் இருந்தன. நம் தோட்டங்களில் துளசிப் பூவைச் சுற்றி ரீங்கரிக்கும் நீலப்பட்டைத் தேனீயும், மரத்தைத் துளைக்கும் பெரிய தச்சுத் தேனீயும் அதே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1993இல் ராய்க் அல்சினாவும் மிச்னரும் செய்த ஆய்வு, அந்தக் குடும்பம் தனியாக நிற்காது என்று காட்டியது. தேன்கூட்டுத் தேனீயின் ஏபிடே குடும்பத்தோடு அது இணைக்கப்பட்டது. லத்ரேய் ஒரே ஆண்டில் தந்த குலப்பெயரும் குடும்பப்பெயரும் இப்படி ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

மரபணு சொன்ன சாட்சி

டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தும் வசதி வந்தபின், முடியையும் நரம்பையும் சாராத சாட்சி ஒன்று கிடைத்தது. 2018இல் ஆச்சிக் டோர்ச்சினும் அவருடைய குழுவினரும் யூசெராவையும் அதன் நெருங்கிய பேரினங்களையும் ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 390 சிற்றினங்கள் கொண்ட பெருங்கூட்டம் அது. முழுக் குலத்தில் பாதி. ஆறு மரபணுப் பகுதிகளும் 120 உடற்பண்புகளும் ஒன்றாக ஆராயப்பட்டன. உடற்பண்புகளை அவர்கள் ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பண்பு ஒருமுறை மட்டும் தோன்றியது, எது பல கிளைகளில் தனித்தனியே தோன்றியோ மறைந்தோ போனது என்பதை மரபணு வரைந்த உறவு மரத்தின்மேல் வைத்துச் சோதித்தார்கள்.

பழைய எல்லைகள் பல கரைந்தன. டெட்ராலோனியா, பெப்போனாபிஸ், சீனோகுளோசா முதலிய பேரினங்கள் எல்லாம் விரிந்த யூசெராவுக்குள் துணைப்பேரினங்களாக அடங்கின. சின்ஹலோனியாவும் யூசெராவின் துணைப்பேரினமாகவே உறுதிப்பட்டது. சிறகு அறைகளால் பிரிந்திருந்தவை மீண்டும் ஒன்று சேர்ந்தன.

அந்த உறவு மரம் இடப்பெயர்ச்சியையும் சொன்னது. யூசெராக் கூட்டம் வட அமெரிக்காவில், ஆலிகோசீன் காலத்தின் பிற்பகுதியில் தோன்றியது. அங்கிருந்து இருமுறை பழைய உலகத்துக்கு, அதாவது ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கம், வந்தது. முதல் பயணம் சுமார் 2.4 கோடி ஆண்டுகளுக்கும் 1.7 கோடி ஆண்டுகளுக்கும் இடையில். வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வெப்ப நாடுகளில் வாழும் கோடைத் தேனீக்கள். இரண்டாம் பயணம் சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கும் 1.2 கோடி ஆண்டுகளுக்கும் இடையில். அதன் வழித்தோன்றல்கள் குளிர்ந்த நிலங்களின் வசந்தத் தேனீக்கள். இரண்டு பயணங்களுக்கும் பாலமாக இருந்தது, இன்று பெரிங் நீரிணை கிடக்கும் இடத்தில் அன்று கடலுக்கு மேலே எழுந்திருந்த நிலம். தொடக்கத்தில் பார்த்த இங்கிலாந்துத் தேனீ இரண்டாம் பயணத்தின் வாரிசு. சிறகு அறையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தப் பயணக்கதை நமக்குக் கிடைத்திருக்காது.

2019இல் சில்லாஸ் போசெர்ட்டின் குழு ஏபிடே குடும்பம் முழுவதையும் ஆராய்ந்தது. நீள்கொம்புக் குலமும் எம்ஃபோரினி உள்ளிட்ட அதன் அண்டைக் குலங்களும் சேர்ந்து யூசெரினே என்ற தனித் துணைக்குடும்பமாக நிலைபெற்றன. 2023இல் ஃப்ரெய்டாஸ் தலைமையில் வந்த ஆய்வு நீள்கொம்புக் குலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, மரபணுத்தொகுதியின் நூற்றுக்கணக்கான பகுதிகளை ஒப்பிட்டது. காட்டில் மறுபடி பிடிக்கக் கிடைக்காத இனங்களுக்கு அருங்காட்சியக இழுப்பறைகளில் இருந்த பழைய மாதிரிகள் கைகொடுத்தன. சிதைந்துபோன டி.என்.ஏ.விலிருந்தும் போதிய தகவலை எடுத்தார்கள். எப்போதோ யாரோ பிடித்து, ஊசி குத்தி, இடமும் நாளும் எழுதிய சிறு சீட்டோடு வைத்துவிட்டுப் போன தேனீ, டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து வந்து சாட்சி சொன்னது. மாதிரிகளைப் பேணும் அருங்காட்சியகங்களை நாம் போற்ற இது ஒன்றே போதும்.

முகவரி மாறிய பரங்கித் தேனீ

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே ஒரு தேனீயின் பெயரில் பதிந்திருக்கின்றன. அமெரிக்கப் பூச்சியியலின் முன்னோடி தாமஸ் சே அதற்குத் தந்த ப்ரூயினோசா என்ற சிற்றினப் பெயர் 1837இல் வெளிவந்தது. பேரினப் பெயர்தான் நிலைக்கவில்லை. 1902இல் இல்லினாய் மாநிலத்தின் கார்லின்வில்லில் பூவுக்குப் பூ வரும் பூச்சிகளைப் பல்லாண்டுகள் பதிவு செய்துவந்த சார்ல்ஸ் ராபர்ட்சன், இதற்காகப் பெப்போனாபிஸ் என்ற பேரினத்தை அமைத்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உழவர் கையேடுகளில்கூட அந்தப் பெயரே வழங்கியது. 2018இல் அது யூசெரா ப்ரூயினோசா ஆயிற்று. 2023இல் பரங்கித் தேனீக்கள் யூசெராவிலிருந்து மீண்டும் பிரிக்கப்பட, அது சீனோகுளோசா ப்ரூயினோசா ஆயிற்று.

இதைப் பார்த்துச் சலிப்படைய வேண்டாம். இங்கே இரண்டு வேறு செயல்கள் நடக்கின்றன. எந்தக் கிளை எந்தக் கிளையிலிருந்து பிரிந்தது என்பது இயற்கையில் நடந்து முடிந்த நிகழ்ச்சி. அதை நாம் கண்டறிகிறோம். எந்தக் கிளைக்குப் பேரினம் என்ற தகுதி தருவது என்பது ஆய்வாளர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஒரே மரத்தைப் பெரிய கிளைகளாகவும் பிரிக்கலாம், சிறிய கிளைகளாகவும் பிரிக்கலாம். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, வாரிசுகளில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான்.

பெயர் மாறினாலும் தேனீயின் வாழ்க்கை மாறவில்லை. சூரியன் எழுவதற்கு முன்பே பரங்கிப் பூ விரியும்; அப்போதே பெண் மகரந்தம் சேர்க்கத் தொடங்கிவிடும். நண்பகலுக்குள் பூ வாடிச் சுருளும். அதற்குள்ளேயே ஆண் உறங்கும். பெண் பெரும்பாலும் பரங்கிக் கொல்லையிலேயே தரையைத் தோண்டிக் கூடமைக்கும்.

மெக்சிகோவின் ஓஹாக்காவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் பரங்கியைப் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள். சோளமும் அவரையும் பரங்கியும் சேர்ந்த பயிர்முறை வடக்கே பரவியபோது தேனீயும் பின்னாலேயே சென்றது. 2016இல் மார்கரிட்டா லோபஸ் உரிபேயின் குழு இதை மரபணுக்களில் கண்டறிந்தது. மெக்சிகோவிலிருந்து விலக விலகத் தேனீக்களின் மரபணு வேறுபாடு குறைந்துகொண்டே போகிறது. சிறு சிறு கூட்டங்களாகப் புதிய நிலங்களுக்குப் போனதன் அடையாளம் அது. உழவரின் பயிரைத் தொடர்ந்து ஒரு காட்டுத்தேனீ கண்டத்தின் குறுக்கே பரவியிருக்கிறது.

பரங்கி பின்னர் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. அதன் தேனீ வரவில்லை. இங்கே நம் தேனீக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நீள்கொம்புக் குலம் இந்தியாவுக்குப் புதிதும் அன்று. 2006இல் எங்கல், பேக்கர் இருவரும் இந்தியாவிலிருந்து பெரிய தலை கொண்ட ஒரு புதிய நீள்கொம்புத் தேனீயை விவரித்து, மாக்ரோசெப்ஸ் என்று சிற்றினப் பெயர் வைத்தார்கள். நம் மண்ணில் இவற்றைத் தேடிப் பதிவுசெய்யும் வேலை இளம் ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கிறது.

வகைப்பாட்டின் பயன்

பூச்சிக்கொல்லி தேனீக்களுக்குத் தீங்கா என்று சோதிக்கும்போது, வழக்கமாகப் பெட்டியில் வளர்க்கும் தேன்கூட்டுத் தேனீயைத்தான் சோதிக்கிறார்கள். அது மண்ணுக்கு மேலே, ஆயிரக்கணக்கான தோழர்களோடு வாழ்வது. பரங்கித் தேனீ அதே ஏபிடே குடும்பத்தில் இருந்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த வேறு கிளை. மண்ணைத் தோண்டும் தனித்தாய்களின் கிளை. மண்ணில் இட்ட மருந்து அவள் உடலில் நேரடியாகப் படும்.

கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் வில்லிஸ் சானும் நைஜல் ரேனும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. நடவின்போது இமிடாகுளோப்ரிட் என்னும் பூச்சிக்கொல்லி மண்ணில் இடப்பட்ட செடிகளோடு இருந்த பரங்கித் தேனீக்கள், மருந்திடாத இடத்தில் இருந்தவற்றைவிட 85 சதவீதம் குறைவாகவே கூடு அமைத்தன. அடுத்த தலைமுறை 89 சதவீதம் குறைந்தது. தேன்கூட்டுத் தேனீயை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் இந்தத் தீங்கு கண்ணில் பட்டிருக்காது.

பயனும் அப்படியே. கலிஃபோர்னியாவின் வீரிய ஒட்டு சூரியகாந்தி வயல்களில் சாரா கிரீன்லீஃபும் கிளேர் கிரெமனும் செய்த ஆய்வு 2006இல் வந்தது. காட்டுத்தேனீக்கள் உடனிருந்தால், தேன்கூட்டுத் தேனீ செய்யும் மகரந்தச் சேர்க்கையின் பலன் ஐந்து மடங்கு வரை உயர்கிறது என்று அவர்கள் கண்டார்கள். சூரியகாந்தியை விரும்பி நாடும் மெலிசோடெஸ், ஸ்வாஸ்ட்ரா போன்ற நீள்கொம்புத் தேனீக்களும் அந்தக் காட்டுத்தேனீக் கூட்டத்தில் உண்டு.

ஒரு தேனீயின் இடம் உறவு மரத்தில் சரியாகத் தெரிந்தால், இன்னும் யாரும் கூட்டைக் காணாத அதன் உறவினரைப் பற்றியும் நியாயமாக ஊகிக்க முடியும். அது மண்ணில்தான் கூடு வைக்கும், தனியாகத்தான் வாழும், இந்த வகைப் பூக்களைத்தான் நாடக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லலாம். எங்கே உழவைக் குறைப்பது, எந்த மருந்தை நிறுத்துவது, எந்தக் கொடியை வரப்பில் விட்டுவைப்பது என்று முடிவெடுக்கலாம். சிறகின் குறுக்கு நரம்பையும் தோளின் செதிலையும் எண்ணியவர்கள் நமக்குச் சேர்த்துக் கொடுத்த சொத்து இதுதான். தேனீக்களைக் காக்க விரும்பும் நாடு, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியத் தெரிந்தவர்களையும் வளர்த்தாக வேண்டும்.